மருந்துக்குப் பணம் உண்டு, எந்த மருந்து என்று அறியப் பணம் இல்லையா?

எங்கள் வட்டார மருத்துவ உதவி அறக்கட்டளையின் அறங்காவலர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் நான்காவது பத்தி பற்றியே இந்த மடல். புற்றுநோயாளிகளுக்கான உதவி இனி அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு ரசீதுகளுக்கு மட்டும்தான் என்றும், மூலக்கூறுப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை போன்றவை ஆராய்ச்சி சார்ந்தவை, சிகிச்சை ஆகாதவை, ஆகவே அவற்றுக்கு உதவி கிடையாது என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லிக் கேட்கிறேன். காரணங்களைக் கீழே சொல்கிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும். முழுவதும் படியுங்கள்.

அந்தச் சுற்றறிக்கை வந்து பத்து நாளில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். வயது நாற்பத்து நான்கு. மார்பகத்தில் கட்டி எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் பயாப்சி அறிக்கை, கூடவே நீங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பம். அறிக்கையின் கடைசி வரியில் 'ஹெர்-2: இரண்டு பிளஸ்' என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஹெர்-2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். இரண்டு பிளஸ் என்றால் அது மிகுதியாக உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். ஹெர்-2 மரபணு செல்லுக்குள் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனையைச் செய்தால்தான் முடிவு தெரியும். அந்தப் பரிசோதனைக்குத்தான் அவர் பணம் கேட்டிருந்தார். உங்கள் அலுவலகம் 'பரிசோதனைச் செலவு ஏற்கப்படாது' என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. அதே தாளின் பின்பக்கத்தில் கீமோ ரசீதுகளைத் தனியாக அனுப்பினால் பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. மதுரையில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். பணி முடிந்து காரைக்குடிக்கே திரும்பிவிட்டேன். எங்கள் சமூகக் கணக்கில் வரி கட்டும் ஒரு தம்பதி ஒரு புள்ளி. என் கணவர் இருந்தவரை நாங்கள் ஒரு புள்ளி. அவர் போனபின் நான் அரைப்புள்ளி. அதற்குரிய வரியை ஒரு வருஷமும் தவறாமல் கட்டிவருகிறேன். நீங்கள் செலவழிக்கும் பணத்தில் என் பங்கும் இருக்கிறது என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதை பார்மலினில் மிதந்து வரும். அதைப் பக்குவப்படுத்தி, மெழுகில் பதித்து, பிளாக் ஆக்குவோம். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் வைத்து நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவினால் வெற்றிலை நரம்பைவிட மெல்லிய நாடா வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுப்போம். நான் சேர்ந்த காலத்தில் அத்தோடு முடிந்தது. 'அடினோகார்சினோமா', அதாவது சுரப்பிச் செல்லில் தோன்றிய புற்று, என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பத்துப் பேரின் நுரையீரல் புற்று பத்து ஸ்லைடில் ஒரே மாதிரி இருக்கும். பத்துப் பேருக்கும் ஒரே கீமோ. ஒருவருக்குக் கேட்கும், ஒருவருக்குக் கேட்காது. ஏன் என்று டாக்டர்களுக்கும் தெரியாது.

என் பணிக்காலத்தின் பிற்பாதியில்தான் அந்த 'ஏன்' தெரிய ஆரம்பித்தது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிகிற அந்தப் பத்துக்குள் உண்மையில் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருந்தன. செல்லின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர் என்று ஒரு சுவிட்ச் உண்டு. வெளியிலிருந்து 'வளர்' என்ற சமிக்ஞை வந்தால் மட்டும் அது எரிய வேண்டும். அதன் மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டாலோ ஒரு எழுத்து மாறினாலோ அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். செல்லும் நிற்காமல் பெருகிக்கொண்டே போகும். அந்த சுவிட்சுக்குச் சக்தி வந்து சேர்கிற சிறு பள்ளம் ஒன்று இருக்கிறது. அதில் போய் அமர்ந்து அடைத்துக்கொள்ளும் மாத்திரைதான் கெஃபிடினிப். சில நுரையீரல் புற்றுகளில் இந்த மாற்றம் இருக்கிறது என்பதும், அவற்றுக்குத்தான் அந்த மாத்திரை கேட்கிறது என்பதும் 2004இல் தெரியவந்தது. சிகரெட்டையே தொடாதவர்களிடமும், பெண்களிடமும், நம் ஆசிய மக்களிடமும் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது.

என் தங்கை சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. சிறு வயதில் எங்கள் வீட்டின் கடைசிக் கட்டு அடுக்களையில் ஆத்தாவோடு சேர்ந்து ஊதிய விறகடுப்புப் புகையைத் தவிர வேறு புகை அறியாதவள். 2018 ஆடியில் அவளுக்கு இருமல் வந்தது. படம் எடுத்தார்கள், ஏதோ நிழல் தெரிந்தது. சளியில் கிருமி கிடைக்கவில்லை. ஆனாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம் சாப்பிட்டாள். இருமல் போகவில்லை, எடை போயிற்று. மாசியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு பெரிய ஊரின் பெரிய மருத்துவமனையில் ஒன்றரை லிட்டர் நீரை எடுத்தார்கள். இரண்டு ஸ்லைடில் தடவிப் பார்த்துவிட்டு, அடினோகார்சினோமா என்று எழுதிவிட்டு, மீதியைக் கொட்டிவிட்டார்கள்.

அந்தக் கொட்டியதைத்தான் இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த நீரைச் சுழற்றி, அடியில் தங்குகிற செல்களைத் திரட்டி, மெழுகில் பதித்தால் அதுவும் ஒரு பிளாக். நான் நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். அதிலிருந்தே இ.ஜி.எஃப்.ஆர் பார்த்திருக்கலாம். நான் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் ஆகியிருந்தது.

இருக்கிற இரண்டு ஸ்லைடு போதாது, மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றேன். பரிசோதனைக்கு எட்டாயிரம், ஸ்கேனில் பார்த்து ஊசி போட்டு எடுப்பதற்குத் தனிச் செலவு. தங்கை மகன் உங்களிடம் விண்ணப்பம் கொண்டுவந்தான். சிகிச்சை ரசீது கொண்டுவா, பரிசோதனைக்கெல்லாம் வழி இல்லை என்று அன்றைக்கும் இதே பதில்தான். அப்போது அது வாய்மொழி வழக்கம், எழுத்தில் இல்லை. அவன் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. உதவி கிடைக்கிற வழியிலேயே போனான். கீமோ ஆரம்பித்தார்கள். நானும் அப்போது பிடிவாதமாக நிற்கவில்லை. எட்டாயிரத்தை நானே போட்டிருக்கலாம். முதலில் கீமோ ஆகட்டும், பிறகு பார்ப்போம் என்று டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். அந்தக் குற்றம் என்னுடையது, அதை உங்கள் மேல் சுமத்த மாட்டேன்.

நான்கு சுற்றுக் கீமோவுக்கு அறக்கட்டளை ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தது. தாராளமாகவே கொடுத்தீர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் நான்காவது சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியிலிருந்து முகப்புக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அதன்பிறகுதான் மறுபடி ஊசி போட்டு எடுத்து, அந்த எட்டாயிரம் ரூபாய்ப் பரிசோதனையைச் செய்தோம். இ.ஜி.எஃப்.ஆர் மரபணுவின் எக்ஸான் என்று சொல்லும் பகுதிகளில் பத்தொன்பதாவதில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று வந்தது. இருக்கிற மாற்றங்களிலேயே மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற வகை அது.

2019 ஆவணியில் கெஃபிடினிப் ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. இந்தியக் கம்பெனிகள் தயாரிப்பதால், ஒரு சுற்றுக் கீமோவுக்கு நீங்கள் கொடுத்த தொகையில் பல மாத மாத்திரை வாங்க முடிந்தது. முகமெல்லாம் பருப்போல வெடித்தது, வயிறு போயிற்று, நகக்கண் புண்ணாயிற்று. ஆனால் மூன்று வாரத்தில் மூச்சு திரும்பியது. அந்தக் கார்த்திகையில் ஒரு காலை நான் போனபோது வாசலில் அவளே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையார் நோன்புக்கு எல்லோரையும் வரச்சொல்லி அவளே இழைமாவு பிசைந்தாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, கீமோவுக்கு மதுரைக்கும் திருச்சிக்கும் போக வழியில்லாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தபோது, இவள் வீட்டில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆனியில் மறுபடி இருமல் வந்தது. இந்த மாத்திரைக்கு இப்படி நடப்பதுதான் வழக்கம். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் புற்று வேறு வழி கண்டுபிடித்துவிடும். அவளுக்கு டி790எம் என்ற இரண்டாவது மாற்றம் வந்திருந்தது. மருந்து அமரும் பள்ளத்தையே அது மாற்றிவிடுகிறது. அதற்கும் மருந்து இருந்தது. ஆசிமெர்டினிப், அமெரிக்காவில் 2015இலேயே அனுமதி பெற்றது. அப்போது நமக்கு மாதம் லட்சத்துக்கு மேல். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கார்த்திகை பிறந்து சில நாளில் போய்விட்டாள்.

முதலிலேயே பரிசோதனை செய்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். நெஞ்சில் நீர் கோத்த பின் அந்த நோயிலிருந்து முழுதாக மீள்வது அபூர்வம். மாத்திரையை முதலில் கொடுத்தாலும் கீமோவுக்குப் பின் கொடுத்தாலும் மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் மாசியிலிருந்து ஆவணி வரை அவள் பட்டது தேவையில்லாதது. கீமோவுக்குப் பிறகு எத்தனையோ பேர் உடம்பு தேறாமல் அடுத்த மருந்து வரை வந்து சேர்வதே இல்லை. இவள் வந்து சேர்ந்தாள். அதற்காகக் கடவுளுக்கு நன்றி.

நீங்கள் கணக்குப் பார்க்கிறவர்கள். கணக்காகவே சொல்கிறேன். 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. கிழக்காசிய நாடுகளில் சிகரெட் பழக்கமே இல்லாத, அல்லது லேசாகப் பிடித்து விட்டுவிட்ட 1,217 நுரையீரல் புற்றுநோயாளிகள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கெஃபிடினிப், பாதிப் பேருக்குக் கீமோ. இ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருந்தவர்களில் மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கு 71 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. கீமோவில் 47 பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களில் என்ன ஆயிற்று தெரியுமா? அதே மாத்திரைக்கு நூற்றுக்கு ஒருவர். கீமோவுக்கு 23 பேர். அதாவது ஒரே நோய்ப்பெயர், ஒரே மருந்து, ஒருவருக்கு அது வரம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு நஞ்சுக்குச் சமம், ஏனென்றால் கீமோ கொடுத்திருக்க வேண்டிய மாதங்கள் அதில் போய்விடும். வயதையோ, பெண்ணா ஆணா என்பதையோ, சிகரெட் பழக்கத்தையோ வைத்து இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. பரிசோதனை ஒன்றுதான் பிரித்தது. அந்தப் பரிசோதனையைச் செலவுப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு மருந்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஐந்தொகை எப்படி நேராகும்?

'ஆராய்ச்சி சார்ந்தவை' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. எது ஆராய்ச்சி, எது முடிந்த ஆராய்ச்சி என்று பிரித்துப் பார்க்காமல் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள்.

ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கிற ஒருவரை எனக்கு 2009 முதல் தெரியும். கண்ணாடியில் சிமெண்டும் வண்ணமும் ஊற்றி, வெயிலில் காய வைத்து, நம் வீட்டுப் பட்டாலைக் கூடங்களுக்குத் தளம் போட்டுக்கொடுக்கிறவர். அந்த வருஷம் வெள்ளணுக்கள் இரண்டு லட்சம் தாண்டி, மண்ணீரல் வீங்கி வந்தார். நாட்பட்ட மைலாய்ட் வகை ரத்தப் புற்று. அந்த நோயில் ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் ஒன்றின் துண்டை ஒன்று மாற்றிக்கொண்டு, இல்லாத ஒரு புது மரபணுவை ஒட்டி உண்டாக்கிவிடுகின்றன. குட்டையாகிப்போன அந்தக் குரோமோசோமைப் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் 1960இல் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அதைக் குறிவைத்த இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாற்பத்தொரு வருஷ வேலை. நம் ஊர்க் கல் ஆசாரிக்கு அது ஒரு மாத்திரையாக வந்து சேர்ந்தது. அந்த மருந்தின் கம்பெனி இந்தியாவில் காப்புரிமை கேட்டு நடத்திய வழக்கில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்துத் தீர்ப்பளித்தது. கம்பெனி மருந்து மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவில் இருந்தபோது, நம் நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் அவர் இன்று கல் வார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த ஒட்டு மரபணு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அளவு ஏறினால் மருந்து கேட்காமல் போகிறது என்று அர்த்தம், உடனே வேறு மருந்துக்கு மாற்றலாம். அளக்காமல் விட்டால், மறுபடி மண்ணீரல் வீங்கி வரும்போதுதான் தெரியும். அதற்குள் நோய் முற்றிய கட்டத்துக்குப் போய்விடலாம். அந்தப் பரிசோதனைக்கு முந்தைய செயலாளர் சத்தமில்லாமல் உதவி பண்ணிக்கொண்டிருந்தார். உங்கள் நான்காவது பத்தி அதையும் நிறுத்திவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிற ஒன்றை ஆராய்ச்சி என்று சொல்லி நிறுத்தியிருக்கிறீர்கள்.

தேவகோட்டைப் பெண்ணின் நிலையும் இதுவே. ஹெர்-2 மிகுதியாக இருக்கிற மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இலேயே வந்துவிட்டது. மார்பகப் புற்று வந்த ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இந்த வகை. அறுவைக்குப் பின் கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்பி வருகிற அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது என்று 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பத்து வருஷத்துக்கு மேலாக நம் நாட்டிலேயே அதற்கு ஈடான மருந்து தயாராகிறது. அவருடைய நோய் திரும்பி வராமல் தடுக்கிற வாய்ப்பு இப்போதுதான் இருக்கிறது. ஹெர்-2 மிகுதி இல்லை என்று ஃபிஷ்ஷில் வந்தால் அதுவும் லாபமே. அந்த விலை உயர்ந்த மருந்தை அவருக்கு வாங்க வேண்டியதில்லை.

உங்கள் கூட்டத்தில் ஒருவர், இதெல்லாம் கோடிக்கணக்கில் ஆகிற வைத்தியம், பரிசோதனை செய்து ஆசை காட்டிவிட்டு மருந்துக்கு எங்கே போவது என்று கேட்டதாகச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

உண்மையாகவே புதியவை சில இருக்கின்றன. நம் ரத்தத்திலிருந்தே பாதுகாப்புச் செல்களை எடுத்து, புற்றை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப ஏற்றுகிற கார்-டி சிகிச்சை அதில் ஒன்று. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியதற்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தார். வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குதான், ஆனாலும் பல லட்சம். அது சி.டி.19 என்ற அடையாளத்தைச் சுமக்கும் சில ரத்தப் புற்றுகளுக்கானது. நுரையீரலுக்கோ மார்பகத்துக்கோ இல்லை. கே-ராஸ் என்ற மரபணுவின் கதையும் அப்படித்தான். மருந்து போய் உட்கார அது உண்டாக்கும் புரதத்தில் பள்ளமே இல்லை என்று முப்பது வருஷத்துக்கு மேல் கைவிட்டிருந்தார்கள். அதன் ஒரு வகையில் ஒரு பள்ளம் இருப்பதை 2013இல் கண்டு, 2021இல் முதல் மருந்து வந்தது. இவற்றையெல்லாம் அறக்கட்டளை வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூட வேண்டியதுதான்.

அதேபோல, ஐந்நூறு மரபணுவை ஒரே தடவையில் பார்க்கிறோம் என்று கலங்கி நிற்கிற குடும்பத்திடம் பெரும் தொகை வாங்கிக்கொண்டு, வண்ண வண்ணமாக நாற்பது பக்க அறிக்கை கொடுத்தனுப்புகிற ஆய்வுக்கூடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதில் முப்பத்தெட்டு பக்கம் அந்த நோயாளிக்கு ஒரு பயனும் இல்லாதது. அதற்கு நீங்கள் பணம் மறுத்தால் உங்கள் பக்கம் நான் நிற்பேன். எனக்குக் கோபம், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு அடைத்ததில்தான்.

விலை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு இறக்குமதி வரியை முழுவதும் நீக்கினார்கள். என் தங்கைக்கு வாங்க முடியாமல் போன ஆசிமெர்டினிப் அதில் ஒன்று. அதே வருஷம் அவற்றின் ஜி.எஸ்.டி.யும் 12இலிருந்து 5 சதவீதமானது. இன்று வாங்க முடியாதது இரண்டு வருஷத்தில் கைக்கு எட்டலாம். அன்றைக்கு எந்த மருந்து தனக்கு உரியது என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

நமக்குப் புரியாத விஷயம், டாக்டர்கள் சொல்வதை எப்படி நம்புவது என்றும் ஒரு பேச்சு வந்ததாம். 1948இல் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு முன்னூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்தபோது காரைக்குடியில் எத்தனை பேருக்கு மின்வேதியியல் புரிந்திருக்கும்? இன்று சிக்ரி என்று நாம் சொல்லும் அந்த ஆய்வுக்கூடத்தின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பெருமைப்படுகிறோம். பக்கத்தில் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். குணமாகாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இன்றைக்கு நம் ஊரிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறிப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது இதுதான். நான்காவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, எந்தப் பரிசோதனையின் முடிவு அந்த நோயாளியின் மருந்தை மாற்றுமோ, அந்த மருந்து நம் நாட்டில் கிடைக்கிறதோ, அந்தப் பரிசோதனைக்கு உதவி உண்டு என்று எழுதுங்கள். பட்டியல் சிறியதுதான். நுரையீரல் அடினோகார்சினோமாவுக்கு இ.ஜி.எஃப்.ஆர், ஆல்க், ரோஸ்-1 என்ற மரபணுக்கள். மார்பகத்துக்கு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும், இரண்டு பிளஸ் வந்தால் ஃபிஷ்ஷும். சினைப்பைப் புற்றுக்குப் பிராக்கா மரபணு. பரவிய பெருங்குடல் புற்றுக்கு ராஸ் மரபணு. நாட்பட்ட மைலாய்டுக்கு முதல் பரிசோதனையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவும். இந்தப் பட்டியலை நான் முடிவு செய்ய வேண்டாம். ஒரு புற்றுநோய் மருத்துவரையும் ஒரு நோய்க்குறியியல் மருத்துவரையும் குழுவில் சேர்த்து, வருஷத்துக்கு ஒருமுறை அவர்களைத் திருத்தச் சொல்லுங்கள். மருத்துவ உதவிக் குழுவில் இன்றுவரை ஒரு பெண்கூட இல்லை என்பதையும் அப்போது சரிசெய்யுங்கள்.

பணத்தை ரசீது வந்தபின் கொடுக்காதீர்கள். பரிசோதனைக்கு முன்பணம் இல்லாததால்தான் குடும்பங்கள் அதைத் தவிர்க்கின்றன. விண்ணப்பம் வந்த ஏழு நாளில், ஆய்வுக்கூடத்துக்கே நேராகச் செலுத்துங்கள்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: 'பிளாக் எங்கே இருக்கிறது?' இந்த ஒரு கேள்விக்குச் செலவே இல்லை. பயாப்சி செய்த இடத்திலிருந்து மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் அறிக்கையோடு கேட்டு வாங்கலாம் என்பதே நம் மக்களுக்குத் தெரியாது. கேட்டு வாங்கி, ஈரமும் சூடும் படாத இடத்தில் வைத்திருந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. நெஞ்சிலிருந்தோ வயிற்றிலிருந்தோ நீர் எடுத்தால் செல் பிளாக் போடச் சொல்லிக் கேளுங்கள் என்று படிவத்தின் கீழே அச்சடியுங்கள். படிவத்தைப் படித்து விளக்க ஆள் வேண்டுமென்றால் புதன், சனி காலைகளில் நானே அலுவலகத்துக்கு வந்து உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம்.

விலை உயர்ந்த மருந்து தேவைப்படுகிறவர்களைக் கைவிரித்து அனுப்பிவிடாமல், கம்பெனிகளின் உதவித் திட்டங்களுக்கு எழுதவும், 2007 முதல் நம் நாட்டில் நடந்துவரும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அவருக்குப் பொருந்தும் ஆய்வு ஏதும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லவும் ஒரு படித்த பிள்ளையை நியமியுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சுற்றறிக்கைக்குப் பின் இதுவரை நான்கு விண்ணப்பங்கள் திரும்பியிருப்பதாக அறிகிறேன். நான்கையும் மறுபடி எடுங்கள். ஆத்தங்குடிக்காரருக்கு இந்த மூன்று மாதப் பரிசோதனை தவறிப்போய் இரண்டு வாரம் ஆகிறது.

தேவகோட்டைப் பெண்ணுக்குக் கீமோ வரும் 18ஆம் தேதி தொடங்குகிறது. ஃபிஷ் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவருடைய பிளாக்கை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து கிடைத்த அன்றே அனுப்பிவிடலாம். அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்காமல் அந்தக் கோப்பை இந்த வாரமே எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் ஓர் அரைப்புள்ளி,
காரைக்குடி